ஒளித்திருந்தவன் விட்ட பகிடி

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி, போனுக்கு ரீலோட், பாஸ்போட் அளவுப் படம், படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று பொழுது போகும். முன்பக்கம் சனம் நிற்கும். பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அந்த அறைக்குள் இருந்துதான் நானும் என் சிநேகிதன் ஒருவனும் வெளிநாட்டு வீடியோ விளையாட்டுகளுக்கு யாழ்ப்பாணத் தமிழில் குரல் போட்டோம்.

இந்த வேலையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கார் களவெடுக்கிற விளையாட்டு, பட்டாளத்தில் சேர்ந்து சுடுகிற விளையாட்டு, வாளோடு திரிந்து பூதத்தைக் கொல்லுகிற விளையாட்டு என்று உலகமெல்லாம் பெடியன்கள் பைத்தியமாக விளையாடுபவை இருக்கின்றன. அவற்றை நான் விளையாடித் திரையைப் பதிவு செய்வேன். அதிலுள்ள ஆங்கிலப் பேச்சை முழுதாக எடுத்துவிட்டு, வாய் அசையும் இடத்திலெல்லாம் எங்கள் ஊர்க் கதையை ஏற்றுவோம். படத்தில் ஒரு கொள்ளைக்காரன் இன்னொருவனின் நெற்றியில் துவக்கை வைத்து உறுமுவான். எங்கள் வீடியோவிலோ அவன், கலியாண வீட்டில் முதல் பந்தியில் தன்னை ஏன் இருத்தவில்லை என்று நியாயம் கேட்டுக்கொண்டிருப்பான். இதற்கு மேல் அதில் பெரிய கலை ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்தால் வயிறு நோகச் சிரிப்பீர்கள்.

தொடங்கியது, எரிபொருளுக்குச் சனம் வரிசையில் காய்ந்த வருடம். மண்ணெண்ணெய் இல்லாமல் குருநகர்ப் படகுகள் கரையில் கிடந்தன. கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையான அந்தச் சிநேகிதனும் கரையில் கிடந்தான். நான் வலிகாமத்துத் தோட்டக்கார வீட்டில் பிறந்து, வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறப் பஞ்சிப்பட்டு நகரத்துக்கு ஓடி வந்தவன். அவன் ஏதோ பத்திரம் கொப்பி எடுக்கக் கடைக்கு வந்து, கரண்ட் வரும்வரை வாங்கில் குந்தியிருந்தான். கரண்ட் வந்ததும் நான் கொப்பி மெசினைப் போடவில்லை. விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடங்கினேன். யாவாரத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை.

திரையில் என் கதாநாயகன் நடுத்தெருவில் ஒரு காரை மறித்து, ஓட்டுநரை இழுத்து வெளியே எறிந்தான். மேசைக்கு அங்கால் நின்ற இவன், எறியப்பட்டவனின் குரலாக, நடுங்கிய கிழட்டுக் குரலில் சொன்னான்:

“தம்பி, பின் சீற்றிலை என்ரை மரக்கறிப் பை கிடக்கு. அதையெண்டாலும் தந்திட்டுப் போ ராசா.”

நான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். வரிசையில் நின்ற பொம்பிளை ஒருத்தியும் சிரித்தா. அன்று அவன் வீட்டுக்குப் போகப் பொழுது சாய்ந்துவிட்டது. கொப்பி எடுத்தானா என்பது இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

அவனிடம் இருந்தது கொடை. எனக்கு விளையாடவும் வெட்டி ஒட்டவும்தான் தெரியும். அவனுடைய தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. மினிபஸ் கொண்டக்டர், மீனை ஏலம் கூறுகிறவர், பங்குக் கோயிலில் பெடியளை அதட்டுகிற பெரியவர், அரசாங்கக் கச்சேரியில் பைலுக்குப் பின்னால் இருந்து கொட்டாவி விடுகிறவர், சம்பந்தி வீட்டுக்கு வந்து ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எல்லாம் சாப்பிடுகிற மாமி. ஒரே மூச்சில் மூன்று பேராகக் கதைப்பான். எழுதிக் கொடுத்தால் வாசிக்கமாட்டான். படத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் வந்ததைச் சொல்வான், அதுதான் நன்றாக இருக்கும். நான் எழுதிய பகிடிகளை அவன் ஒரு நாளும் மதித்தது கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

கடையில் பெரிய தொல்லை சத்தம். பூதம் உறுமிக்கொண்டிருக்கும்போது வெளியே கொண்டக்டர் “பருத்தித்துறை, பருத்தித்துறை” என்று கத்துவான். அதற்கும் அவனே வழி கண்டான். மீனுக்கு ஐஸ் போட்டு ஏற்றுகிற பெரிய றெஜிபோம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் பக்கவாட்டாக வைத்து, உள்ளே மைக்கைப் பொருத்தி, தலையையும் தோளையும் உள்ளே விட்டுக்கொண்டான். நல்ல சுத்தமான குரல் கிடைத்தது. கடைக்குத்தான் மீன் நாற்றம் பிடித்தது. வெள்ளிக்கிழமை விரதக்காரர் ஒருவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, “தம்பி, கொப்பிக்கடையிலை மீனும் விக்கிறியளோ?” என்று கேட்டார். என் அம்மா என் சேட்டுகளைத் தனியாகத் தோய்க்கத் தொடங்கினா.

இணையத்தில் சனல் ஒன்றைத் திறந்து வீடியோக்களை ஏற்றினோம். முதலில் தெரிந்த பெடியள் பார்த்தார்கள். பிறகு கனடா, லண்டன், ஜெர்மனி என்று எங்கள் சனம் இருக்கிற இடமெல்லாம் போனது. உதைபந்தாட்ட விளையாட்டு ஒன்றில், வர்ணனையாளர் இருவரும் ஆட்டத்தை விட்டுவிட்டு, ஓடுகிற வீரர்களுக்குச் சம்பந்தம் பேசினார்கள். “பந்தை விட்டாலும் பெடியன் நல்லவன், ஒரு கெட்ட பழக்கமும் இல்லையாம், தாய் மட்டும் கொஞ்சம் வாய்க்காரி.” அதை வெளிநாட்டில் விருந்துகளில் போட்டுப் பார்த்தார்களாம். நோர்வேயிலிருந்து ஒரு தகப்பன், தன் பிள்ளைகள் முன்பு நோர்வேஜிய மொழியில் சண்டை பிடித்தவர்கள், இப்போது தமிழில் சண்டை பிடிக்கிறார்கள், நன்றி என்று எழுதினார். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் அவன் தன் பகிடிக்குத் தானே தாங்கமாட்டாமல் சிரிக்கிற சிரிப்பு வரும். அதைக் கேட்கவே பார்க்கிறோம் என்றார்கள்.

முகம் காட்டவில்லை, பெயரும் போடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனவர். அவனுடைய அம்மா, மற்றத் தாய்மாரோடு சேர்ந்து மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் இருக்கிறவா. அந்த வருடம், மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து போகத் தொடங்கினார்கள். யார், எவர் என்று சொல்லமாட்டார்கள். முதலில் அம்மாவிடம் கேட்டார்கள், அங்கே யார் யார் வருகிறார்கள், யார் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று. பிறகு இவனிடம் கேட்டார்கள். பிறகு ஒரு காலை இவனை ஏற்றிக்கொண்டு போய்ப் பின்னேரம் கொண்டுவந்து விட்டார்கள். என்ன நடந்தது என்று நான் கேட்டேன். “ஒண்டுமில்லை மச்சான், சும்மா கதைச்சவை” என்றான். ஒரு சொல்லை வைத்து மணித்தியாலக் கணக்கில் பகிடி விடுகிறவன், அந்த ஒரு நாளைப் பற்றி ஒரு பகிடியும் விடவில்லை. அதிலிருந்தே எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த கிழமை அம்மா அவனைச் சாவகச்சேரியில் இருக்கிற சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தா. பகலில் படலைக்கு வெளியே காலடி வைக்காமல் அங்கே பல மாதம் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு நான் மடிக்கணினியையும் மைக்கையும் அந்த மீன்பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். கொண்டக்டர்மார் என்னை மீன் யாவாரி என்றே நினைத்தார்கள். ஒருவர் ஒவ்வொரு ஞாயிறும் “அண்ணை, இண்டைக்கு என்ன மீன்?” என்று கேட்பார். நானும் வெட்கமில்லாமல் விளை, பாரை என்று ஏதாவது சொல்லிவைப்பேன்.

நாங்கள் செய்ததில் மிகச் சிறந்தவை அந்த வீட்டில் செய்தவைதான். பட்டாள விளையாட்டு முழுவதையும் ஒரு கலியாண வீட்டுச் சண்டையாக மாற்றியது அங்கேதான். சிப்பாய்கள் மதிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்து, பாயாசம் முடிந்துபோன செய்தியைத் தலைமையகத்துக்கு அறிவித்தார்கள். கிரனேட்டுக்குப் பதிலாக வடை எறிந்தார்கள். மலையளவு பூதம் ஒன்று வருகிற விளையாட்டில், அந்தப் பூதம் கோயில் பெரியவரின் குரலில், “ஆரடா அது செருப்போடை உள்ளுக்கை வந்தது?” என்று கேட்டது. ஒளித்திருக்கிற வீட்டில் இருந்துகொண்டு அவன் இதையெல்லாம் செய்தான்.

ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் அவன் நின்றுவிடுவான். பெட்டிக்குள் தலையை வைத்தபடி, மூச்சுக்கூட விடாமல் நிற்பான். அந்தத் தோள்கள் கல்லாகிப்போவதை நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சின்னம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, “அது பால்காரப் பெடியன்” என்பா. அதன் பிறகும் கொஞ்ச நேரம் அசையமாட்டான். பிறகு, எந்தச் சொல்லில் நின்றானோ அதே சொல்லிலிருந்து, அதே பூதக் குரலில் தொடங்குவான்.

வீட்டுக்கு வந்து நான் அந்த இடங்களையெல்லாம் வெட்டி எறிந்தேன். அதுதான் என் வேலை. பகிடிக்கு நடுவில் மௌனம் கிடந்தால் சனம் வேறு வீடியோவுக்குப் போய்விடும். சிலவேளை மைக்கில் அவனுடைய நெஞ்சு அடிக்கிற சத்தம்கூட விழுந்திருக்கும். அதையும் வெட்டினேன். வெட்டி ஒட்டி முடிந்த பிறகு கேட்டால், கவலை என்றால் என்னவென்று தெரியாத ஒருவன் கதைக்கிற மாதிரி இருக்கும். நல்லாய் வெட்டியிருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பிறகு ஒரு நாள் அவன் நாட்டை விட்டு வெளிக்கிட்டான். பிரான்சில் இருக்கிற அவனுடைய அக்கா ஒரு ஏஜென்சிக்காரனை வைத்து ஒழுங்கு செய்தா. எந்தெந்த நாட்டில் எத்தனை நாள் கிடந்தான் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. பாரிஸ் போய்ச் சேர்ந்ததும் குரல் அனுப்பினான். “மச்சான், இஞ்சை பூதமெல்லாம் மெட்ரோவிலைதான் போகுது” என்றான். அகதி விண்ணப்பம் போட்டான். எங்கள் சனம் பத்துப் பேர் இருக்கிற ஓர் அறையில் ஒதுங்கினான். ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவினான். சனலை நாங்கள் அப்படியே வைத்திருந்தோம். புதிதாக ஒன்றும் வரவில்லையென்றாலும் சனம் பழையதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போவதற்கு முன் நாங்கள் நீண்ட நேரம் கதைத்தோம். அண்ணன் காணாமல் போனது, அம்மா தெருவில் இருப்பது, மோட்டார்சைக்கிள்காரர், ஏற்றிக்கொண்டு போன நாள், சாவகச்சேரியில் ஒளித்திருந்தது. எல்லாம் உண்மை. ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லத் தேவையில்லாத கதை. “உள்ளதைச் சொல்லு, போதும்” என்றேன். புத்தி சொல்வதில் இவ்வளவு பெரிய விண்ணன் நான்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் கடையில் கூட்டம் இருந்த நேரம், போன் எடுத்தான். வழக்கமாக எடுத்தவுடன் யாராவது ஒருவரின் குரலில்தான் தொடங்குவான். அன்று சொந்தக் குரலில் தொடங்கினான். நான் சனத்தை விட்டுவிட்டுப் பின்னறைக்குள் போனேன்.

விசாரணை அறையில் அதிகாரி ஒரு பெண், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆள், வடமராட்சிப் பக்கம், வயதுபோனவர். இவன் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவர் இவனை ஒரு மாதிரிப் பார்த்திருக்கிறார். சாவகச்சேரி வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவரால் அடக்க முடியாமல் போய்விட்டது.

“‘தம்பி, உந்தக் குரலை நான் வீட்டிலை ஒவ்வொரு நாளும் கேக்கிறன். பூதத்துக்குக் கதைக்கிறது நீரே?’ எண்டு கேட்டார் மச்சான். சிரிச்சுக்கொண்டு கேட்டார்.”

“நீ என்ன சொன்னனி?”

“ஓம் எண்டன்.”

“ஏன்ரா ஓம் எண்டனி?”

“வந்த நாள் துவக்கம் என்னை ஒருத்தரும் ஆரெண்டு கேக்கேல்லை” என்றான். “அந்தாள் கேட்டோண்ணை எனக்குச் சந்தோசமாப் போச்சு.”

இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்து அந்தப் பெண் என்ன கதை என்று கேட்டிருக்கிறாள். அந்த அறையில் பேசுகிற எதையும் மொழிபெயர்க்காமல் விடக்கூடாதாம். மனிதர் கேட்ட கேள்வியையும் இவன் சொன்ன பதிலையும் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. கடைசியில் வாசலில் வைத்து இவனுடைய கையைப் பிடித்துக் கண் கலங்கினாராம். ஆனால் அதற்குள் அந்தப் பெண் சனலைத் தேடி எடுத்து, வீடியோக்கள் ஏறிய தேதிகளைப் பார்த்துவிட்டாள். உயிருக்குப் பயந்து ஒளித்திருந்ததாகச் சொல்கிற அதே மாதங்களில் நீ நகைச்சுவை வீடியோ செய்து உலகத்துக்கு விட்டிருக்கிறாய், சிரித்தும் இருக்கிறாய், இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று கேட்டாள். விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். காரணங்களில் அந்தச் சிரிப்பும் ஒன்று.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை. சிரிக்கிறவனுக்குப் பயம் இல்லை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எங்கள் சனம் பங்கருக்குள் குந்தியிருந்து பகிடி விட்ட சனம். மேலே பிளேன் சுற்றும்போது, பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்தில் மனைவியின் சோட்டியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள். ஷெல் விழுந்த வீட்டைப் பார்த்து, இனிக் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை என்றவர்கள். பயம் கூடக் கூடத்தான் எங்களுக்கு வாய் கூடும். இதை அந்தப் பெண்ணுக்கு யார் போய்ச் சொல்வது? இதற்கு மொழிபெயர்ப்பாளர் கிடையாது.

ஆனால் கோபம் ஆறினபோது வேறொன்று வந்து குந்திக்கொண்டது. அவன் நின்று நின்று கதைத்ததை அந்தப் பெண் கேட்டிருந்தால் விளங்கியிருப்பாள். மோட்டார்சைக்கிள் சத்தம், சின்னம்மாவின் குரல், அந்த மௌனம், நெஞ்சடிப்பு. பதிந்தபடி விட்டிருந்தால், பிரெஞ்சுக்காரி என்ன, யார் கேட்டாலும் இவன் பயந்தவன் என்று சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் வெட்டித் தள்ளி, சிரிப்பை மட்டும் பொறுக்கி எடுத்துக் கோத்து வைத்தது நான். அந்த வெட்டுத் துண்டுகளை ஒரு காலத்திலும் சேமித்தது கிடையாது.

மேன்முறையீடு போட்டார்கள். அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். எங்கள் ஆட்கள் பத்துப் பேர் இருக்கிற அறையில் பத்து வக்கீல்கள் இருப்பார்கள். வீடியோ எங்கும் இருக்கக்கூடாது, இருந்தால் நீதிபதியும் பார்ப்பார், அதோடு கேஸ் கவிழ்ந்துவிடும் என்று அடித்துச் சொன்னார்களாம். அவன் போன் எடுத்து, “எல்லாத்தையும் அழி மச்சான்” என்றான். “சனலை மட்டுமில்லை. உன்ரை கணினியிலை கிடக்கிறதையும் அழி. ஒண்டும் மிஞ்சக்கூடாது.”

நான் ஓம் என்றேன்.

அழிப்பதற்கு முன் குருநகருக்கு, அவனுடைய அம்மாவிடம் போனேன். அவன் போன பிறகு அவா வேலை செய்கிற நேரமெல்லாம் அந்த வீடியோக்களை ஓட விட்டுக்கொண்டிருப்பா என்று எனக்குத் தெரியும். விளையாட்டும் விளங்காது, பூதமும் விளங்காது. மகன் கதைக்கிறான், அவ்வளவுதான். நான் போனபோதும் சுளகில் நெத்தலியைப் பரப்பிக்கொண்டு, போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தா. நான் விசயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துவிட்டு, கலியாண வீட்டு வீடியோவைத் தொடக்கத்திலிருந்து ஒரு தரம் பார்த்தா. கடைசிச் சிரிப்பு வந்தபோது போனைக் காதோடு வைத்துக் கேட்டா.

“மூத்தவன்ரை குரல் எனக்கு இப்ப ஞாபகத்துக்கே வரேல்லை, தம்பி. படம் மட்டும்தான் இருக்கு. படம் கதைக்காதுதானே,” என்றா. பிறகு போனை என்னிடம் நீட்டினா. “இவனெண்டாலும் உயிரோடை இருக்கிறான். இதிலை கிடக்கிறதையும் அழிச்சுவிடு.”

அவாவுக்கு முன்னால் இருந்தே அழித்தேன். இப்படி ஒரு வேலையை இனி ஒருவரும் எனக்குச் சொல்லக்கூடாது. அவா தேத்தண்ணி போட்டுத் தந்தா. குடித்தேன், ருசி தெரியவில்லை.

நான் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் ஒழுங்காகச் செய்கிறவன். கடையில் கொப்பி எடுப்பதில் இல்லாத ஒழுங்கெல்லாம் இதில் வந்தது. சனலை மூடினேன். கணினியில் இருந்தவற்றையும், தனியாகச் சேமித்து வைத்திருந்த வன்தட்டில் இருந்தவற்றையும், வெட்டி முடித்து, குரல் மட்டும் தனியாக வைத்திருந்த கோப்புகளையும் திரும்ப எடுக்க முடியாதபடி துடைத்தேன். எங்கள் வீடியோக்களைக் களவாக எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தவர்களைத் தேடித் தேடி எழுதினேன். சிலரைக் கெஞ்சினேன், சிலரை வெருட்டினேன். மலேசியாவில் ஒருவன் முறைத்துக்கொண்டு நின்றான். அவனை விடாமல் துரத்தி, அதையும் எடுப்பித்தேன். பல கிழமை போனது. ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று தெரிந்தபோது எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. சிநேகிதனுக்கு ஒரு காரியம் முழுசாகச் செய்து கொடுத்துவிட்டேன் என்ற திருப்தி.

மேன்முறையீடு இழுபட்டு இழுபட்டு, போன வருடம் முடிந்தது. வென்றுவிட்டான். அம்மாவின் சத்தியக் கடதாசியும், காணாமல் போனவர்களின் பட்டியலில் அண்ணனைப் பற்றி இருந்த பதிவுகளும்தான் கைகொடுத்தனவாம். வீடியோ என்ற சொல்லை அந்த மன்றில் ஒருவரும் எடுக்கவில்லையாம். இதை அவன் சொன்னபோது நான் சந்தோசத்தில் இருந்தேன், அதனால் அப்போது பெரிதாகத் தாக்கவில்லை. அவனுடைய அம்மா கோயிலில் திருப்பலி ஒப்புக்கொடுத்து, எனக்கும் கேக் அனுப்பினா.

கொஞ்ச நாளில் அவனே கேட்டான். “மச்சான், இனிப் பயமில்லை. திரும்பத் தொடங்குவமே?” எனக்குத் தலைகால் புரியவில்லை. குதிரையில் ஒருவன் பனிக்குள் போய்க் கொள்ளைக்காரரோடு சண்டை பிடிக்கிற புது விளையாட்டு ஒன்றை ஒரே மூச்சில் விளையாடிப் பதிந்து அனுப்பினேன். இரண்டு நாளில் குரல் வந்தது. கடையை அரைக்கதவு சாத்திவிட்டு, காதில் மாட்டிக் கேட்டேன்.

யாரோ ரகசியம் சொல்கிற மாதிரி இருந்தது. பகிடி எல்லாம் அவனுடையதுதான், நல்ல பகிடிகள். ஆனால் கொள்ளைக்காரன் கத்துகிற இடத்தில் குசுகுசுப்பு. குதிரைக்காரன் சண்டைக்கு வருகிற இடத்திலும் அதே குசுகுசுப்பு. மைக் பிழை என்று நினைத்து ஏற்றிப் பார்த்தேன். சத்தம்தான் கூடியது, குரல் எழவில்லை. முடிவில் சிரிப்பு இல்லை.

போன் எடுத்தேன். அவனே முந்திக்கொண்டு சொன்னான்.

“தெரியும் மச்சான். சரி வரேல்லை. இந்த அறையிலை எந்த நேரமும் ஆராவது நித்திரை. விடிய வேலைக்குப் போறவை, இரவு வேலை முடிச்சு வாறவை. வந்த நாள் துவக்கம் மெல்லமாக் கதைச்சுக் கதைச்சுப் பழகிப்போச்சு.”

“வெளியிலை போய்ப் பதிவன்.”

“போனனான். வேலை செய்யிற கடையின்ரை குளிர் அறைக்குள்ளை நிண்டு கத்திப் பாத்தனான். ஒருத்தருக்கும் கேக்காது, கதவு நல்ல தடிப்பு. கத்த வருகுதில்லை மச்சான். அந்தப் பூதம் எப்பிடிக் கதைச்சது எண்டு எனக்கே இப்ப பிடிபடேல்லை. மாமி எப்பிடி இழுப்பா எண்டும் மறந்துபோச்சு.” மூச்சு விட்டான். “பழசு ஒண்டை அனுப்பு. ஒருக்காக் கேட்டனெண்டால் பிடிச்சிடுவன்.”

வெளியே யாரோ மேசையில் தட்டி, கொப்பி எடுக்கலாமா என்று கேட்டார்கள்.

“இல்லையடா,” என்றேன்.

“முழுசா வேண்டாம். சின்னத் துண்டு ஒண்டு காணும்.”

“ஒண்டும் இல்லை. எல்லாம் அழிச்சிட்டன்.”

“கணினியிலை கிடந்ததுமோ?”

“கணினியிலை கிடந்ததும். மற்றவை களவாப் போட்டதும். அம்மான்ரை போனிலை கிடந்ததும்.”

அந்தப் பக்கம் யாரோ நித்திரையில் இருமினார்கள். அவன் இன்னும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அழி எண்டு நான்தான் சொன்னனான்,” என்றான். “நீ அதைக் கேட்டு அழிப்பாய் எண்டு நான் நினைக்கேல்லை, மச்சான்.”